கெஸையா லாக்கெட்டுக்கு உள்ளே வர அனுமதி இல்லை

எங்கள் வெல்ஃபோர்ட் கல்வி மாவட்டத்தில் வெளிப் பேச்சாளர்களைப் பற்றிய விதி வந்ததற்குக் காரணம் ஒரு மலைப்பாம்பு. பாம்புப் பண்ணைக்காரர் ஒருவர் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அது பெட்டியிலிருந்து இறங்கிப் பாட்டு வகுப்பின் பியானோவுக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல்விக் குழு அவசரமாகக் கூடி, மாவட்டத்தில் சம்பளம் வாங்காத எவருடைய பேச்சும், 'நான்' என்று ஆரம்பித்து மாணவர்கள் காதில் விழுவதானால் முன் அனுமதி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பாம்பு 'நான்' என்று எதுவும் சொல்லவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது என் வேலை இல்லை.

என் வேலை எழுதுவது. நான் ஓர்லீன் பிக்ஸ். குழுவின் கூட்டங்களில் மேடைக்கு ஓரமாக உட்கார்ந்து, பேசுகிறதை எல்லாம் தட்டச்சு செய்கிறவள். முன்பெல்லாம் சுருக்கமாக எழுதினால் போதும். தலைவராக கிரேசன் ஃபவுட்ஸ் வந்த பிறகு அது போயிற்று. வாகனம் நிறுத்துமிடத்தில் மஞ்சள் கோடு போடுவதைப் பற்றி அவர் ஆற்றிய நீண்ட உரையை, 'தலைவர் கோடுகளைப் பற்றிப் பேசினார்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். மனிதர் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

"மிஸஸ் பிக்ஸ், வரலாறு நம்மளப் பாத்துக்கிட்டிருக்கு," என்றார் என்னிடம். "நாளைக்கு ஒருத்தன் அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு தேடுவான். அவனுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

அதற்குப் புது விதி ஒன்று கொண்டுவந்தார். கூட்டத்தில் ஒலிவாங்கியில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் அப்படியே பதிவாக வேண்டும், எதையும் நீக்கக் கூடாது. அதோடு விட்டாரா? கூட்டக் குறிப்புகள் மாவட்டத்தின் சொந்த ஆவணம் என்பதால், எந்த ஆசிரியரும் எந்த அனுமதியும் இல்லாமல் அவற்றை வகுப்பில் பாடமாக வைக்கலாம் என்றும் சேர்த்தார். இதுவரை எந்த ஆசிரியரும் வைக்கவில்லை. அதில் அவருக்குத் தீராத மனக்குறை.

இந்தச் சூழ்நிலையில்தான் அவெரில் டாலிவர் வந்து சேர்ந்தார். பால்டிமோர்க்காரர், வரலாற்று ஆசிரியர், எங்கள் கறுப்பு ஜனங்களில் ஒருவர். யாராவது கதவைத் திறந்துவிட்டால் கதவுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிடுகிற ஆள். எங்கள் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் அடிமை முறை ஒரு பக்கத்தில் மழை விட்டமாதிரி திடீரென்று நின்றுவிடும். தாடி வைத்த வெள்ளைக்காரக் கனவான்கள் அதை நிறுத்திவைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் படத்தின் மூலையில் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டாலிவர் ஒரு புது வகுப்பு கேட்டார். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பு மனிதர்களை, அவர்கள் கைப்பட எழுதியதை வைத்தே சொல்லித்தர வேண்டும். புத்தகம் வேண்டாம், ஆவணக் காப்பகம் போதும். முதல் ஆளாக அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர்க்காரியையே. கெஸையா லாக்கெட். மேரிலாந்தில் அடிமையாக இருந்து, ஆற்றைக் கடந்து, அடிமை முறை இல்லாத எங்கள் பக்கத்துக்கு ஓடிவந்து, துணி வெளுத்துப் பிழைத்தவள். தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் வந்தபோது, எங்கள் பெத்தேல் தேவாலயத்தின் மேடையில் ஏறி நின்று ஓர் உரை ஆற்றினாள். அந்தக் கையெழுத்துப் பிரதி ஊர் வரலாற்றுச் சங்கத்தில் இருந்தது.

சங்கத்தின் இயக்குநர் பிரெஸ்காட் யெர்க்ஸ் அதைப் பட்டுத் தலையணையில் வைத்து, பிறந்த குழந்தையைக் காட்டுகிறமாதிரி கொண்டுவந்தார். டாலிவருக்கு வெள்ளைக் கையுறை மாட்டினார். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மூச்ச அந்தப் பக்கமா விடுங்க," என்றார். "இந்தக் காகிதத்த எங்க சங்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து காப்பாத்திட்டு வர்றோம். பாருங்க, ஒரு மடிப்பு இருக்கா? ஏன்னா யாரும் படிச்சதே இல்ல."

"ரொம்ப நன்றி சார். அடுத்த பக்கம் பாக்கலாமா?"

"பக்கம் திருப்பறவங்க மிஸஸ் ஃப்ரை. பயிற்சி எடுத்தவங்க. குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போயிருக்காங்க."

ஈஸ்டருக்கு மிஸஸ் ஃப்ரை திரும்பி வரும்வரை டாலிவர் போய்ப் போய் முதல் பக்கத்தையே படித்தார். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருவழியாக மிஸஸ் ஃப்ரை உடம்பெல்லாம் வெயிலில் சிவந்து வந்து, பக்கங்களைத் திருப்பி, நகலும் எடுத்துக் கொடுத்தாள். டாலிவர் அவளுக்கும் நன்றி சொன்னார், நகல் எடுத்த இயந்திரத்துக்கும் சொன்னார்.

நகலோடு அவர் போனது மாவட்டக் கண்காணிப்பாளர் டாக்டர் லிண்டா ஹோஸ்டெட்டரிடம். அம்மணி முதல் வரியைப் படித்தாள். 'நான் கெஸையா லாக்கெட்' என்றிருந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"'நான்'னு இருக்கே, மிஸ்டர் டாலிவர். அப்ப இவங்க வெளிப் பேச்சாளர். படிவம் குடுத்தாங்களா?"

"மேடம், இவங்க எறந்துபோய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அடடா. கேக்கவே கஷ்டமா இருக்கு. குடும்பத்துக்கு என் அனுதாபத்த சொல்லுங்க. அப்ப படிவத்த யாரு நிரப்பறது?"

"நான் நிரப்பட்டுமா?"

"அவங்களுக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டா அது மோசடி. அவங்ககிட்ட பேசி ஒரு வழி பண்ணுங்க."

டாலிவர் பாடப்புத்தகத்தில் இருக்கிற செத்தவர்களுக்கு மட்டும் ஏன் படிவம் இல்லை என்று பணிவாகக் கேட்டார்.

"அவங்கள எல்லாம் புத்தகக் கம்பெனியே சோதிச்சு அனுப்புது. அதுவுமில்லாம அவங்க யாரும் பேசறதில்ல. படத்துல சும்மா நிக்கறாங்க. உங்க ஆளு பேசுறாங்களே, அதான் சிக்கல்."

டாலிவர் கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் 'கர்த்தர்' என்று எழுதினார். படிவத்தோடு இணைக்க வேண்டிய காசநோய்ச் சான்றிதழுக்குப் பள்ளி நர்ஸிடம் போனார். அவள் நல்ல பெண்பிள்ளை. 'தற்சமயம் இருமல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதோடு கேட்டிருந்த கைரேகைக்குத்தான் திண்டாட்டம் வரும் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் உரையின் கடைசிப் பக்க ஓரத்தில் மை தொட்ட கட்டைவிரல் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருந்தது. வரலாற்றுச் சங்கம் அதைத் தன் பட்டியலில் 'கறை' என்று குறித்து வைத்திருந்தது.

பின்னணிச் சோதனையை மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் டுவெய்ன் கிராட்ஸ் நடத்தினார். முன்னாள் போலீஸ்காரர். சோதனை செய்யும் கம்பெனி பழைய செய்தித்தாள்களையும் விடாமல் துழாவுகிற கம்பெனி. அறிக்கை வந்ததும் கிராட்ஸ் டாலிவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"சார், உங்க ஆளு தேடப்படற ஆளு."

மேரிலாந்துப் பத்திரிகை ஒன்றில் அந்தக் காலத்தில் வந்த விளம்பரம் அது. கெஸையா என்ற பெண் ஓடிவிட்டாள், பிடித்துத் தருபவருக்குச் சன்மானம் உண்டு. கிராட்ஸ் அதை ஒழுங்காகத் தன் படிவத்தில் ஏற்றியிருந்தார். வேறு பெயர்கள்: உண்டு. எடுத்துச் சென்ற பொருள்: தன்னையே. நிலை: தப்பியோட்டம், பிடிபடவில்லை.

"சார், அது அவங்கள அடிமையா வெச்சிருந்தவன் குடுத்த விளம்பரம்."

"புகார் குடுத்தவர் நல்லவரா கெட்டவரான்னு நான் பாக்க முடியாது. புகார் இருக்கா? இருக்கு. வாபஸ் வாங்கினாங்களா? இல்ல."

"அந்தச் சட்டமே இப்ப இல்லயே."

"அது சட்டத்துறை. நான் பாதுகாப்புத் துறை."

கிராட்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. விளம்பரம் கொடுத்தவனின் வாரிசைத் தேடிக் கண்டுபிடித்தார். டெலவேரில் ஒரு பல் மருத்துவர், வெண்டல் ஆஷ்கிராஃப்ட் என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் தொலைபேசியிலேயே மன்னிப்புக் கேட்டார். தனக்கு எந்த உரிமையும் வேண்டாம், எல்லாவற்றையும் முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறேன், வகுப்பு முழுவதற்கும் இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிடுகிறேன் என்று உடனே எழுதி அனுப்பினார்.

கிராட்ஸ் அதை இரண்டு முறை படித்தார். "உரிமைய விட்டுக்குடுக்கறேன்னு எழுதறாரு. அப்படின்னா அவருகிட்ட உரிமை இருந்திருக்குன்னுதானே அர்த்தம்? கேஸ் இன்னும் கெட்டியாயிடுச்சு சார்."

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் தட்டச்சு இயந்திரத்தின் ஒரு பொத்தான் தெறித்துப்போனது. ஆனால் என் கோபத்தை யாரும் ஒலிவாங்கியில் கேட்கவில்லை. ஆகவே அது எங்கும் பதிவாகவில்லை.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. கெஸையா லாக்கெட் மாவட்டத்தின் எந்தப் பள்ளி வளாகத்துக்குள்ளும் நுழையக் கூடாது. உத்தரவை அவளிடம் நேரில் கொடுக்க வேண்டும். குழுவின் அடுத்த கூட்டத்தில் விசாரணை, அவள் வந்து தன் பக்கத்தைச் சொல்லிக்கொள்ளலாம். கூட்டம் நடப்பதே பள்ளி வளாகத்தில், அதற்குள் நுழையாமல் எப்படி வந்து சொல்வாள் என்று கேட்டதற்கு, அது அவள் பொறுப்பு என்றார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் டாலிவரின் வகுப்பு ரத்து. அதே நேரத்தில் அதே அறையில் 'படிவம் நிரப்பும் திறன்' என்ற வகுப்பு நடக்கும், ஆசிரியர் டாலிவரே.

அந்த வெள்ளிக்கிழமை பெத்தேல் தேவாலயத்தின் அடித்தளத்தில் மீன் வறுவல் விருந்து. டாலிவர் தட்டைத் தொடவில்லை. பெத்தேலில் மீனைத் தொடாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். வாஷ்டி கில்லியம் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் தேவாலயத்தில் ஆட்களை வரவேற்று இடம்காட்டி உட்காரவைக்கும் பெண்கள் அணிக்குத் தலைவி அவள். வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. அவள் ஒரு விரலை அசைத்தால் போதகர்கூடப் பிரசங்கத்தை முடித்துவிடுவார்.

"என்ன தம்பி, மீனு உங்கள என்ன பண்ணுச்சு?"

டாலிவர் எல்லாவற்றையும் சொன்னார். "பிள்ளைங்க தெனமும் கேக்கறாங்க, சிஸ்டர். கெஸையா எப்ப வருவாங்கன்னு. ஒரு ஆளப்பத்திக் கேக்கற மாதிரியே கேக்கறாங்க. அவங்கள மறுபடியும் பிடிச்சுக் குடுத்தவன் நானாயிட்டேன். நான் மட்டும் அந்தப் படிவத்த நிரப்பாம இருந்திருந்தா..."

"அந்தக் காலத்துல பிடிக்க வந்தப்ப நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்களாம்? உங்க காகிதத்துல இருக்குமே."

இருந்தது. தப்பி வந்த ஒருத்தியை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, பெத்தேல் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் குல்லாய் போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். விசாரணை முடிவதற்குள் எல்லோரும் எழுந்து வெளியே வந்தார்கள். எந்தக் குல்லாய்க்குள் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. கைதியின் நாற்காலி காலியாக இருந்தது.

வாஷ்டி யோசித்தாள். யோசிக்கும்போது அவர் தட்டிலிருந்த மீனை அவளே சாப்பிட்டாள்.

"ஓர்லீன்," என்றாள் என்னைப் பார்த்து, "கூட்டத்துல பொதுமக்கள் பேசற நேரம்னு ஒண்ணு உண்டில்ல?"

உண்டு. ஊரில் வசிக்கிற யாரும் பெயர் கொடுத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். குழு குறுக்கிடக் கூடாது. போன வருடம் ஒருவர் எழுந்து தன் மாமியாரின் அவரைக்காய்ச் சூப்பு செய்முறையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது இன்றும் என் குறிப்பில் இருக்கிறது. உப்பு கொஞ்சம் அதிகம்.

"குல்லாய் இல்ல," என்றாள் வாஷ்டி. "ஆனா வெள்ளை யூனிஃபார்ம் இருக்கு. தம்பி, அந்த நகல எனக்கு ஒண்ணு குடுங்க."

விசாரணை நாளன்று மேடைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, 'கே. லாக்கெட்' என்று பெயர்ப் பலகையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். கிராட்ஸ் உத்தரவை உறையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். டாலிவரின் மாணவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபவுட்ஸ் தொடக்க உரை ஆற்றினார்.

"இந்தக் குழு யாருக்கும் எதிரி இல்ல. அடிமை முறை தப்புன்னு நாங்களும் ஒருமனசா ஒத்துக்கறோம், அதுக்குத் தீர்மானம்கூடப் போடலாம். ஆனா தப்பி வந்தவங்க முறையா அனுமதி வாங்கிட்டுத் தப்பிச்சிருந்தா இன்னிக்கு இந்தச் சிக்கல் வந்திருக்குமா? இதத்தான் நம்ம பிள்ளைங்க யோசிக்கணும்."

நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அவர் என் பக்கம் திரும்பி, எழுதுகிறேனா என்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

பொதுமக்கள் நேரம் வந்தது. கதவு திறந்தது. பெத்தேல் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. வாஷ்டி விரலை அசைத்தாள். முதலாமவள் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் கெஸையா லாக்கெட். என்னைப் பிடித்துத் தரச் சொல்லி ஒருவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். படித்துப் பார்த்தேன். மெதுவாக நடப்பவள், மந்த புத்திக்காரி என்று எழுதியிருக்கிறார். மெதுவாக நடக்கிற அந்த மந்த புத்திக்காரியைக் குதிரைகளோடும் நாய்களோடும் தேடி இன்னும் அவரால் பிடிக்க முடியவில்லை. அவருடைய புத்தியைப் பற்றி யார் விளம்பரம் கொடுப்பது?"

பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ 'ஆமென்' என்றார்கள். கிராட்ஸ் உறையோடு ஓடிவந்தார்.

"மேடம், நீங்கதான் கெஸையா லாக்கெட்டா?"

"யாரு கேக்கறது?"

"பாதுகாப்புத் துறை."

"அப்ப நான் இல்லப்பா."

இரண்டு நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தது. அவள் நகர்ந்தாள். அடுத்தவள் விட்ட இடத்திலிருந்து, வாக்கியத்தின் நடுவிலிருந்தே ஆரம்பித்தாள். கிராட்ஸ் அவளிடம் ஓடினார். அதற்குள் மணி அடித்து மூன்றாமவள் வந்துவிட்டாள். எல்லா முகமும் ஒரே தொப்பிக்குக் கீழே ஒரே மாதிரி அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. யாராவது உட்கார இடம் காட்ட வேண்டும் போலிருந்தது. வாஷ்டி விரலை அசைத்தாள். ஒரு பெண் வந்து கிராட்ஸின் முழங்கையைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வருகிறவர்களை உட்காரவைப்பதுபோல, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தாள். 'கே. லாக்கெட்' என்ற பலகைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரையும் குடித்தார். உத்தரவு அவர் மடியிலேயே இருந்தது.

ஃபவுட்ஸ் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குறுக்கிட முடியாது. கடைசியில் ஃபவுட்ஸ் பொறுக்க முடியாமல் ஒலிவாங்கியை இழுத்தார்.

"மிஸஸ் பிக்ஸ், இதையெல்லாம் எழுத வேணாம்."

ஒலிவாங்கியில் சொன்னார். அதையும் எழுதினேன்.

கடைசியாக வாஷ்டியே வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த நகலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் சட்டம் என்னைத் திருப்பி அனுப்பச் சொல்கிறது. என்னை யார் இங்கே அனுப்பினார்கள் என்று நீதிபதி கேட்கிறார். ஐயா, யாரும் அனுப்பவில்லை. இருட்டில், ஆற்றில், என் காலால் நடந்து வந்தேன். திருப்பி அனுப்ப நான் தபாலில் வந்த பொட்டலம் இல்லை. நான் வந்து சேர்ந்துவிட்டேன். இனி நீங்கள்தான் வந்து சேர வேண்டும்."

மணி அடிக்க வேண்டியவர் அடிக்க மறந்துபோனார். எனக்குக் கண்ணீர் மறைத்தது. பார்க்காமலே தட்டினேன். எத்தனை வருடமாக அந்த மேடை ஓரத்தில் உட்கார்ந்து மஞ்சள் கோடுகளை எழுதியிருக்கிறேன், ஒரு வரியை எழுதப் பெருமையாக இருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு குழு ஒருமனதாக முடிவு செய்தது. கெஸையா லாக்கெட் பேசுவதற்கு அனுமதி மறுக்கப்படுகிறது. வகுப்பு ரத்து.

அடுத்த கூட்டத்தில், வழக்கம்போல, போன கூட்டத்தின் குறிப்புகளை யாரும் படிக்காமல் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் காலை டாலிவர் கண்காணிப்பாளரிடம் ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தார். படிவம் நிரப்பும் திறனுக்குப் பதிலாக, கல்விக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் பாடமாக நடத்த விரும்புகிறார். மூல ஆவணம், மாவட்டத்தின் சொந்த ஆவணம், அனுமதி தேவையில்லை.

செய்தி கேட்டு ஃபவுட்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னார்கள். கடைசியில் ஒரு ஆசிரியர் புரிந்துகொண்டார் என்றாராம். அவரே முன்மொழிந்து வகுப்பை நிரந்தரமாக்கினார். எந்தக் கூட்டத்தின் குறிப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது என் வேலை இல்லை. வகுப்புக்குத் தானே நேரில் வந்து கோடுகளைப் பற்றிப் பேசவும் ஆசைப்பட்டார். ஆனால் குழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆகவே அவரும் வெளிப் பேச்சாளர். படிவம் கொடுத்திருக்கிறார். கோட்டைத் தாண்டி வண்டி நிறுத்தியதற்காக அவர் பேரில் கட்டாத அபராதம் ஒன்று இருப்பதாகக் கிராட்ஸ் கண்டுபிடித்திருக்கிறார். சோதனை இன்னும் முடியவில்லை.

டாலிவரின் பிள்ளைகள் குறிப்புகளை ஆளுக்கொரு பகுதியாகச் சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். நடைபாதையில் போகும்போது எனக்குக் கேட்கும். தலைவரின் பகுதி வரும்போது எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டு அதைக் கேட்டு வாங்குகிறார்கள், அவ்வளவு சிரிப்பு அதில்.

ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் வந்தவர் விவரம் எழுத ஓர் இடம் உண்டு. அது என் பொறுப்பு, யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தின் குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்:

லாக்கெட், கெஸையா. வந்தார். பேசினார். பிடிபடவில்லை.